சார்ஜர் ஒன்றானது, நியாயம் ஒன்றானதா?



சென்ற போகியன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவம்தான் இக்கட்டுரைக்குக் காரணம். சிஞ்ச்வட்டுக்குக் குடிவந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் போகிக்கு வீட்டை ஒழிக்கும் வழக்கத்தை என் மனைவி இன்றுவரை விட்டதில்லை. அன்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா இறங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே பதினான்கு சார்ஜர்கள்! சன்னமான ஊசி போன்ற முனை உடையது ஒன்று, தட்டையான முனை உடையது ஒன்று, அகலமாகப் பல் பல்லாக இருப்பது ஒன்று என்று ஆளுக்கொரு முகம்.

"என்னங்க, இதில் ஒன்றாவது இப்போது எதற்காவது ஆகுமா?" என்று அவள் கேட்டாள். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். ஒன்றுகூட வீட்டிலிருந்த எந்தப் போனிலும் பொருந்தவில்லை. ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கியது, அல்லது போன் விலையோடு சேர்த்து நம்மிடம் வசூலித்தது.

அன்று மாலை ஹிஞ்சவடியில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வந்திருந்தான். டப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரே ஒரு வயரை எடுத்தான். தன் போன், என் மகளின் போன், மடிக்கணினி, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி என்று எல்லாவற்றிலும் அதையே மாற்றி மாற்றிச் செருகிக் காட்டினான். "மாமா, இது ஐரோப்பாக்காரங்க போட்ட சட்டத்தோட பலன்" என்றான்.

எனக்கு வியப்பாக இருந்தது. ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு நாம் யாரும் வாக்களித்ததில்லை. அங்கே போட்ட சட்டம் பவனா நதிக்கரையில் இருக்கும் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது? வந்தது நல்லதுதான் என்றால், மற்ற நியாயங்களும் அதேபோல் வருமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஐரோப்பாவில் சட்டம் பிறக்கும் விதம்

ஐரோப்பிய ஒன்றியம் என்பது இன்று 27 நாடுகள் சேர்ந்த கூட்டு. பிரிட்டன் 2020இல் விலகிவிட்டது. இந்தக் கூட்டில் சட்டம் செய்ய மூன்று அமைப்புகள் உள்ளன. பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம் சட்ட முன்வரைவைக் கொண்டுவருகிறது. மக்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஐரோப்பியப் பாராளுமன்றம் அதை விவாதித்துத் திருத்துகிறது. 2024 தேர்தலுக்குப் பிறகு அதில் 720 உறுப்பினர்கள். உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றம் மூன்றாவது. நம் மக்களவை, மாநிலங்களவை போல என்று ஒரு வசதிக்காக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் நாட்டில் ஒரு சாதாரண உறுப்பினர்கூடத் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். அங்கே முன்வரைவு வைக்கும் உரிமை ஏறக்குறைய முழுவதும் ஆணையத்திடமே இருக்கிறது.

சார்ஜர் கதை 2009இல் தொடங்குகிறது. அப்போது ஐரோப்பியச் சந்தையில் முப்பதுக்கும் மேற்பட்ட வகைச் சார்ஜர்கள் இருந்தன. ஆணையம் போன் தயாரிப்பாளர்களை அழைத்துப் பேசியது. சட்டம் எதுவும் போடவில்லை. "நீங்களே ஒத்துப் போங்கள்" என்றது. நோக்கியா, சாம்சங், மோட்டரோலா, ஆப்பிள் உள்ளிட்ட நிறுவனங்கள் மைக்ரோ யு.எஸ்.பி. என்ற ஒரே முனைக்கு மாறுவதாகக் கையெழுத்திட்டன. பெரும்பாலோர் மாறவும் செய்தார்கள். ஆனால் இது விருப்ப ஒப்பந்தம்தான். நடுவில் சேர்க்கும் ஒரு இணைப்பியை விற்றாலே போதும் என்ற ஓட்டையும் அதில் இருந்தது. ஆப்பிள் 2012இல் லைட்னிங் என்று தனக்கே உரிய புது முனையைக் கொண்டுவந்தது. அந்த முனைக்கு வயர் தயாரிக்க விரும்பும் மற்ற நிறுவனங்கள் ஆப்பிளிடம் உரிமம் பெறவேண்டும். ஒரு வயரின் முனையே வருமானம் தரும் சுங்கச்சாவடியாகிவிட்டது!

விருப்ப ஒப்பந்தம் 2014இல் முடிந்தது. பிறகு பல ஆண்டுகள் பேச்சுதான். 2020 ஜனவரியில் பாராளுமன்றம் பொறுமை இழந்து, சட்டம் வேண்டும் என்று 582 வாக்குகளுக்கு 40 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. 2021 செப்டம்பரில் ஆணையம் முன்வரைவைக் கொண்டுவந்தது. புதுக் கண்டுபிடிப்புகளுக்கு இது முட்டுக்கட்டை என்று ஆப்பிள் எதிர்த்தது. ஆணையம் வைத்த கணக்கு வேறு. பயன்படாமலும் தூக்கியெறியப்பட்டும் போகும் சார்ஜர்களால் ஐரோப்பாவில் ஆண்டுக்கு 11,000 டன் மின்னணுக் குப்பை சேர்கிறது. தேவையில்லாமல் சார்ஜர் வாங்கும் செலவில் மக்களுக்கு ஆண்டுக்கு 25 கோடி யூரோ மிச்சப்படுத்தலாம் என்றது அது. 2022 அக்டோபர் 4 அன்று 602 பேர் ஆதரவாகவும் 13 பேர் எதிராகவும் வாக்களிக்கச் சட்டம் நிறைவேறியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன், டேப்லெட், கேமரா போன்றவற்றுக்கெல்லாம் யு.எஸ்.பி. டைப்-சி முனை கட்டாயம். மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தார்கள். ஆப்பிளும் 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15லேயே மாறிவிட்டது.

ஒரு வயரின் முனையை ஒன்றாக்கப் பதின்மூன்று ஆண்டுகள்! நம் ஊர் நகராட்சியைத் தாமதத்துக்காகத் திட்டுபவர்கள் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

பிரஸ்ஸல்ஸ் சட்டம் போசரிக்கு வருவது எப்படி?

சட்டம் ஐரோப்பாவுக்கு மட்டும்தான். பிறகு நமக்கு விற்கும் போனிலும் ஏன் அதே முனை? காரணம் எளிது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சுமார் 45 கோடிப் பேர் இருக்கிறார்கள். வாங்கும் சக்தியும் அதிகம். அந்தச் சந்தையை எந்த நிறுவனமும் விடமுடியாது. ஐரோப்பாவுக்கு ஓர் அச்சு, மற்ற நாடுகளுக்கு ஓர் அச்சு என்று இரண்டு வைத்தால் செலவு கூடும். எனவே கடுமையான சட்டம் எங்கே இருக்கிறதோ அதற்கேற்றபடி ஒரே அச்சில் வார்த்து உலகமெங்கும் அனுப்பிவிடுகிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் அனு பிராட்ஃபோர்ட் 2012இல் இதற்கு 'பிரஸ்ஸல்ஸ் விளைவு' என்று பெயரிட்டார்.

இது நம் பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டைக்காரர்களுக்குப் புதிதல்ல. மின்னணுக் கருவிகளில் ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற நச்சுப் பொருள்களை ஐரோப்பா 2006 ஜூலை 1 முதல் கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்பவர்கள் ஈயம் கலந்த பற்றவைப்பை விட்டு ஈயமில்லாப் பற்றவைப்புக்கு மாறவேண்டியதாயிற்று. ஆலைக்குள் நின்று பற்றவைத்த தொழிலாளியின் மூச்சுக்கும் அது நல்லதாகவே முடிந்தது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது ஆண்டு கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாங்குபவன் கண்டிப்பாக இருந்தால் செய்பவன் ஒழுங்காகச் செய்வான்.

பழுது பார்க்கும் உரிமை

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. இரண்டு ஆண்டுக்கு முன் என் போனின் பாட்டரி கெட்டது. விற்ற நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். "இந்த மாடலுக்குப் பாட்டரி வருவதில்லை சார், புதுப் போன் வாங்கிவிடுங்கள், பழையதற்குக் கொஞ்சம் கழித்துத் தருகிறோம்" என்றார்கள். நல்ல திரை, நல்ல கேமரா, எல்லாம் இருக்க, ஒரு பாட்டரிக்காகப் போனையே தூக்கிப் போடுவதா? பிம்ப்ரி பஜாரில் ஒரு சிறிய கடையில் சூடுகாட்டிப் பின்மூடியைக் கழற்றி, வேறு பாட்டரி போட்டுக் கொடுத்தார்கள். இன்றுவரை ஓடுகிறது.

நம் தலைமுறையில் மிக்சியோ, மின்விசிறியோ, ரேடியோவோ கெட்டால் பழுது பார்ப்பதுதான் முதல் எண்ணம். இன்றைய கருவிகளோ பழுது பார்க்கமுடியாதபடி ஒட்டப்பட்டு வருகின்றன. திறக்கத் தனிவகைத் திருகாணி, உதிரி பாகம் வெளியே கிடையாது, மாற்றினாலும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது. பொருள் நம்முடையது, அதன் ஆயுள் மட்டும் விற்றவன் கையில்!

ஐரோப்பா இதிலும் சட்டம் போட்டிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் சில நிபந்தனைகள். ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கியமான உதிரி பாகங்கள் ஏழு ஆண்டுகள் கிடைக்கவேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு ஐந்து ஆண்டுகள் தொடரவேண்டும். பாட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 விழுக்காடு திறன் காட்டவேண்டும். 2024இல் நிறைவேறிய பழுதுநீக்கும் உரிமைச் சட்டத்தை உறுப்பு நாடுகள் நடைமுறைப்படுத்த 2026 ஜூலை 31 கெடு. சாதாரண மனிதரே கழற்றி மாற்றக்கூடியதாகக் கையடக்கக் கருவிகளின் பாட்டரி இருக்கவேண்டும் என்ற விதிக்கு 2027 பிப்ரவரி 18 நாள் குறிக்கப்பட்டது.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. கார்க் கம்பெனிகள் உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் விடாமல் தங்கள் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளுக்கு மட்டும் கொடுப்பது முறையல்ல என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்த் தயாரிப்பாளர்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கார்களின் ஊரான நம் ஊரில் இது அன்று பெரிய பேச்சு. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் நாளில், பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. டைப்-சி முனைக்கு இந்திய தரநிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் இந்தியத் தரத்தை வெளியிட்டது. ஆனால் ஐரோப்பாவைப்போல் 'ஏழு ஆண்டு உதிரி பாகம்' என்று எண் குறித்துக் கட்டாயப்படுத்தும் நிலைக்கு நாம் வரவேண்டியது இன்னும் இருக்கிறது.

ஒரே நிறுவனம், மூன்று ஊர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் வாங்குபவரின் நியாயம். செய்பவரின் நியாயம் என்ன ஆயிற்று? இங்கேதான் எனக்கு ஐரோப்பாவைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே, ஸ்ரீபெரும்புதூரிலேயே, ஓர் உதாரணம் இருக்கிறது.

நோக்கியா என்ற பெயரை அறியாத குடும்பம் நம்மிடையே இராது. பின்லாந்தில் 1865இல் காகிதக்கூழ் ஆலையாகத் தொடங்கிய அந்த நிறுவனம், ஒரு காலத்தில் உலகில் விற்ற பத்துப் போன்களில் ஏறக்குறைய நான்கைத் தயாரித்தது. டார்ச் விளக்கோடு வந்த அதன் 1100 போன் எத்தனை பேர் வீட்டில் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் ஊர், ஜெர்மனியின் பொகும். 2008 ஜனவரியில் அங்கிருந்த ஆலையை மூடி, கூலி குறைந்த ருமேனியாவுக்குப் போவதாக நோக்கியா அறிவித்தது. சுமார் 2,300 பேருக்கு வேலை போகும் நிலை. ஊரே தெருவில் இறங்கியது. அமைச்சர்கள் முதற்கொண்டு தங்கள் நோக்கியா போன்களைக் கைவிட்டார்கள். ஆலைக்குக் கொடுத்த மானியத்தைத் திருப்பித் தா என்று மாநில அரசு கேட்டது. கடைசியில் தொழிலாளர்களின் இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் 20 கோடி யூரோ ஒதுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. ருமேனியா ஆலையும் நிலைக்கவில்லை. 2011இல் அதையும் மூடுவதாக அறிவித்தார்கள்.

இரண்டாவது ஊர், பின்லாந்திலேயே இருக்கும் சாலோ. நோக்கியாவின் சொந்த மண். 2012இல் அங்கேயும் உற்பத்தி நின்றது. உலகமயமாக்கலால் வேலை இழப்பவர்களுக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் ஒரு தனி நிதி வைத்திருக்கிறது. பொகும், சாலோ இரண்டு ஊர்த் தொழிலாளர்களுக்கும் அந்த நிதியிலிருந்து மறுபயிற்சிக்கும் வேலை தேடுவதற்கும் உதவி கிடைத்தது.

மூன்றாவது ஊர் ஸ்ரீபெரும்புதூர். 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம். 2006இல் உற்பத்தி தொடக்கம். சலுகை விலையில் சுமார் 210 ஏக்கர் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற தகுதி, வரிச் சலுகைகள் எல்லாம் கொடுத்தோம். உச்சக் காலத்தில் ஆலையில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து மூன்று ஷிப்டில் வேலை பார்த்து, தம்பியைப் படிக்கவைத்தவர்களும் அக்கா திருமணத்துக்குச் சேர்த்தவர்களும் அவர்களில் எத்தனையோ பேர். 2010இல் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்த துயரமும் அங்கே நடந்தது.

2013 ஜனவரியில் வருமான வரித் துறை சோதனைக்கு வந்தது. போனில் ஏற்றும் மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தலைமை நிறுவனத்துக்கு அனுப்பிய பணம் உரிமத் தொகை, அதற்கு வரி பிடித்தம் செய்திருக்கவேண்டும் என்பது துறையின் வாதம். அது பொருள் வாங்கிய விலைதான் என்பது நிறுவனத்தின் வாதம். ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போயிற்று. பிறகு, ஏற்றுமதி என்று காட்டிய போன்களை உள்நாட்டிலேயே விற்றதாகக் கூறி, தமிழக அரசும் சுமார் 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டது.

இதற்கிடையில் 2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. விலை 544 கோடி யூரோ. வரி வழக்கினால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் சொத்து முடக்கப்பட்டிருந்தது. 2014 ஏப்ரல் 25 அன்று விற்பனை முடிந்தபோது இந்த ஆலை விற்பனையில் சேராமல் நின்றது. சுமார் 5,000 பேர் விருப்ப ஓய்வு பெற்றார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி அடியோடு நின்றது. கடைசிவரை இருந்தவர்கள் ஏறக்குறைய 1,100 பேர்.

விருப்ப ஓய்வு! அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். நான் முதலில் வேலை பார்த்த ஆலையும் ஒருநாள் இப்படித்தான் ஒரு தாளை நீட்டியது. தாளின் தலைப்பில் விருப்பம் என்று இருந்தது. கையெழுத்திட்ட யாருடைய முகத்திலும் அது இல்லை. ஆகுர்டி பஜாஜ் ஆலையில் 2007இல் உற்பத்தி நின்ற நாட்களை நினைவு வைத்திருக்கும் நம் மூத்தவர்களுக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது என்பதுதான் கொடுமை.

முடிவு என்ன தெரியுமா? வரித் தகராறை 2018இல் இந்திய அரசும் பின்லாந்து அரசும் பேசித் தீர்த்துக்கொண்டன. நோக்கியா 20.2 கோடி யூரோ, அதாவது சுமார் 1,600 கோடி ரூபாய், கட்டியது. அரசுக்கு வரி வந்தது, நிறுவனத்துக்கு வழக்கு முடிந்தது. நான்கு ஆண்டுக்கு முன்பே வேலையை இழந்தவர்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி இல்லை.

நான் நோக்கியாவை மட்டும் குறை சொல்லவில்லை. ஆப்பிளும் சாம்சங்கும் வந்த பிறகு அதன் தொழிலே சரிந்துகொண்டிருந்தது; வரி வழக்கு இல்லாவிட்டாலும் ஆலை நெடுநாள் நின்றிருக்குமா என்பது ஐயமே. வரி கேட்டதும் தவறில்லை. என் கேள்வி வேறு. ஒரே நிறுவனத்துக்காக மூன்று ஊர் மக்களும் ஒரே வேலையைச் செய்தார்கள். இரண்டு ஊருக்கு அரசியல் பாதுகாப்பு இருந்தது. மூன்றாவது ஊருக்கு ஒரு தாள்தான் இருந்தது. போனின் முனையை ஒன்றாக்கியவர்கள் இதையும் ஒன்றாக்கியிருக்கலாமே!

லாபம் யாருக்கு, வரி யாருக்கு?

ஒரு போனின் விலையில் அதைப் பூட்டிச் சேர்க்கும் தொழிலாளியின் பங்கு எவ்வளவு? ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 2009இல் விற்ற ஐபோனைப் பிரித்துக் கணக்குப் பார்த்தது. மொத்தத் தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர். அதில் சீனாவில் பூட்டிச் சேர்த்ததற்கான பங்கு ஆறரை டாலர்! மீதி பல நாட்டு உதிரி பாகங்களுக்கு. கடையில் விற்ற விலையோ 500 டாலர். பெயரும் வடிவமும் காப்புரிமையும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுக்கே பெரும் பங்கு.

அந்தப் பெரும் பங்குக்கு வரியாவது ஒழுங்காகக் கட்டுகிறார்களா? ஆப்பிள் தன் ஐரோப்பிய லாபத்தை அயர்லாந்தில் கணக்குக் காட்டியது. 2014இல் அது கட்டிய வரி 0.005 விழுக்காடுதான் என்று ஐரோப்பிய ஆணையம் கண்டது. ஒரு லட்சம் ரூபாய் லாபத்துக்கு ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாதச் சம்பளத்தில் பிடிப்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 1,300 கோடி யூரோவைத் திருப்பிக் கட்டு என்று 2016இல் ஆணையம் உத்தரவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பணத்தைப் பெறவேண்டிய அயர்லாந்து அரசே "எங்களுக்கு வேண்டாம்" என்று வழக்காடியது! நிறுவனம் ஊரைவிட்டுப் போய்விடும் என்ற பயம். 2024 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் இறுதித் தீர்ப்புச் சொன்னது.

அடுத்து, சந்தையின் வாசலில் நிற்கும் பெரிய நிறுவனங்களுக்கு 'வாயில்காப்பாளர்' என்று பெயரிட்டு 2022இல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். போனில் எந்தச் செயலி இருக்கலாம், எவ்வளவு தரகு கொடுக்கவேண்டும் என்பதை அவர்கள் இஷ்டத்துக்கு வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். இந்தச் சட்டத்தை மீறியதற்காக 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். நம் போட்டி ஆணையமும் சளைத்ததல்ல. ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளைத் திணித்ததற்காக 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும், சில உத்தரவுகளை நீக்கினாலும், அந்த அபராதத்தை உறுதி செய்தது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஐரோப்பாவிடம் இன்று பெரிய போன் நிறுவனம் இல்லை. அதனால்தான் பிறர் தொழிலுக்குத் தாராளமாகச் சட்டம் போடுகிறது என்று அமெரிக்காவில் சொல்கிறார்கள். விதிகள் மிகுந்து தொழில் நசுங்குகிறது என்று இத்தாலியின் முன்னாள் பிரதமர் மாரியோ திராகி 2024 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையிலேயே எச்சரித்தார். இதில் உண்மை உண்டு. வெளிநாடுகளில் தங்களுக்குப் பொருள் செய்து தரும் தொழிலாளர்களின் நிலைக்கும் பெரிய நிறுவனங்களே பொறுப்பு என்ற சட்டத்தை ஐரோப்பா 2024இல் நிறைவேற்றியது. ஆனால் மறு ஆண்டே அதன் அமலைத் தள்ளிவைத்தது. சார்ஜருக்கு இருந்த உறுதி தொழிலாளிக்கு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் பூட்டிச் சேர்க்கப்படுகிறது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவு ஒவ்வாமல் பலர் மருத்துவமனைக்குப் போனதை எதிர்த்துச் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் விடுதிகளின் நிலை உலகத்துக்குத் தெரிந்தது. ஆப்பிளும் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. பிரஸ்ஸல்ஸ் செய்யாததை நம் பிள்ளைகள் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நாம் செய்யக்கூடியது

இவ்வளவும் படித்துவிட்டு, "நம் கையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். சிறிது இருக்கிறது.

முதலாவது, பழுது பார்க்கமுடியும் என்றால் பழுது பாருங்கள். போன் வாங்கும்போது கேமராவை மட்டும் கேட்காமல், எத்தனை ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு வரும், பாட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனிக்குச் சொல்வார்.

இரண்டாவது, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் காலத்தில் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். நம்மில் மராத்தியோ ஹிந்தியோ சரளமாக வராத பெரியவர்கள் "நமக்கேன் வம்பு" என்று விட்டுவிடுகிறார்கள். நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கலாமே.

மூன்றாவது, பழைய சார்ஜரையும் பாட்டரியையும் வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி மின்னணுக் கழிவின் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பு. பதிவு பெற்ற சேகரிப்பு இடங்களில் கொடுங்கள்.

நான்காவது, நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இத்தகைய நிறுவனங்களிலேயே வேலை பார்க்கிறார்கள். பொருளை வடிவமைக்கும் இடத்தில் இருப்பவர்களும் உண்டு. "இதைத் திறக்கமுடியுமா? இதைச் செய்பவருக்கு என்ன கிடைக்கிறது?" என்ற இரண்டு கேள்விகளை அவர்கள் அங்கே கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, அந்தப் பிஸ்கட் டப்பாவுக்கு வருவோம். பதின்மூன்று சார்ஜர்களைச் சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிட்டோம். சன்ன முனை நோக்கியா சார்ஜர் ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மனைவிக்குக் கோபம்தான். பூட்டிக் கிடந்த ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைப் பின்னாளில் யார் வாங்கினார்கள் என்று படித்தபோதுதான் அதை வைத்துக்கொள்ளத் தோன்றிற்று. சால்காம்ப் என்ற நிறுவனம், அதுவும் நோக்கியாவை இழந்த அந்தச் சாலோ ஊரைத் தலைமையிடமாகக் கொண்டது, 2019இல் அதை வாங்கியது. எதற்குத் தெரியுமா? சார்ஜர் செய்வதற்கு!

அங்கே இன்று மீண்டும் நம் ஊர்ப் பெண்கள் ஷிப்டுக்குப் போய் வருகிறார்கள். அவர்கள் செய்யும் சார்ஜர் உலகமெங்கும் பொருந்தும்படி ஆகிவிட்டது. அவர்களுக்குக் கிடைக்கும் நியாயமும் அப்படி ஆகும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.